‘சார், நான் தெற்கு சூடான் போகலாமா?’

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ட்யூட்டி டாக்டராக இருக்கும் 28 வயதுப் பெண் கையால் எழுதி அனுப்பிய நான்கு பக்கக் கடிதம் இது. அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் ஆகிறது. முதுநிலை நீட் இரண்டு முறை எழுதியும் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. “இங்கே ட்யூட்டி டாக்டர் என்றால் கேஸ் ஷீட் எழுதுகிற கிளார்க்தான் சார். முடிவெல்லாம் கன்சல்டன்ட் போனில் சொல்வார்” என்கிறார். போர், பஞ்சம் நடக்கும் இடங்களில் வேலை செய்யும் சர்வதேச அமைப்பு ஒன்றில் சேர்ந்து தெற்கு சூடான் போக விருப்பம். அங்கே போனால் எம்.பி.பி.எஸ். டாக்டரே சிசேரியன் வரைக்கும் செய்யலாம் என்று தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். பாம்புக்கடியும் விஷம் குடித்த கேஸும் நிறையப் பார்த்திருப்பதால் தைரியம் இருக்கிறதாம். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா விஷயத்தைக் கேட்டதும் “சாகத்தான் படிக்க வெச்சேனா?” என்று கேட்டுவிட்டுப் பத்து நாளாகப் பேசவில்லை. போகலாமா, போனால் முதுநிலைப் படிப்பு என்னவாகும், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பவை கேள்விகள்.

அன்புள்ள டாக்டர்,

நான் அந்த நாட்டுக்கு டாக்டராக இரண்டு முறை போய் வந்தவன். அதனால் ‘போகாதீர்கள்’ என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் இந்த வருடம் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் ‘இங்கே பிடிக்கவில்லை’ என்பதற்கு மூன்று பக்கம் இருக்கிறது. ‘அங்கே என்ன செய்வேன்’ என்பதற்கு அரைப் பக்கம்தான். நீட் ரேங்க், கன்சல்டன்ட்டின் போன், பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாமே நிஜமான எரிச்சல்தான். ஆனால் அவை பெட்டியோடு கூடவே வரும். மழைக்காலத்தில் ஓடுதளம் சேறாகி விமானம் வராத மூன்றாவது வாரத்தில், கூடாரத்துக்குள் கொசுவலைக்கு அடியில் படுத்திருக்கும்போது அதெல்லாம் வெளியே வரும். தப்பித்து வந்தவர்களையும் தேடி வந்தவர்களையும் இரண்டே மாதத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம் என்று எங்கள் லாஜிஸ்டிக்ஸ்காரர் சொல்வார். அவர் கணக்கில் நான் முதல் முறை தப்பித்து வந்தவன்.

பாம்பு பார்த்த தைரியம்

உங்கள் தைரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நம்மூர் அவசரப் பிரிவில் மூன்று வருடம் நின்றவருக்கு வெளிநாட்டு மருத்துவர் பலருக்கும் இல்லாத கை இருக்கும். ஆனால் பாம்பையே எடுத்துக்கொள்வோம். இங்கே நீங்கள் ஏற்றும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. அந்த விஷத்தில் பெரும் பங்கு வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதை ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் வேலை செய்யாது. அங்கே கடிப்பவை பஃப் ஆடர் விரியன், மாம்பா போன்ற வேறு பாம்புகள். சுருட்டை விரியன்கூட அந்தக் கண்டத்தில் வேறு இனம். 2000-களில் கானாவிலும் சாடிலும் இந்தியப் பாம்பு விஷத்தில் செய்த மலிவு மருந்துக்கு மாறியபோது பாம்புக்கடிச் சாவுகள் கூடின. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு நம்பகமாக இருந்த ஒரு மருந்தின் உற்பத்தியை 2014-இல் அதன் நிறுவனம் நிறுத்தியது. கடைசி இருப்பும் 2016-இல் காலாவதியானது. ஆக, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சிகிச்சையே அங்கே முதலிலிருந்து படிக்க வேண்டிய பாடம்.

இன்னொன்று. காய்ச்சலோடு, கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து ஒரு குழந்தை வருகிறது. உங்கள் கை என்ன செய்யும்? ஊசி போட்டு நரம்பு பிடித்து, கிலோவுக்கு இருபது மில்லி சலைன் வேகமாக ஏற்றும். நாம் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் இப்படி வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக சலைன் ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். ஏற்றாமல் விட்டவர்களில் ஏழு சொச்சம்தான். வென்டிலேட்டரும் ஐ.சி.யு.வும் பின்னால் இல்லாத இடத்தில், நல்லது என்று நினைத்துச் செய்ததே கொன்றது. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். புஜத்தின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தக் குழந்தையின் இதயம் உங்கள் சலைனைத் தாங்காது. அங்கே நான் கற்றுக்கொண்டதில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பதுதான். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர், மூன்று வருடப் படிப்போடு நோயாளிகளைப் பார்க்கும் உள்ளூர் கிளினிக்கல் ஆபீசர். நான் சலைன் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து பக்கத்தில் நிற்பார்.

சிசேரியன் ஆசை

உங்கள் தோழி சொன்னது தப்பு. உருப்படியான எந்த அமைப்பும், நீங்கள் பழகாத அறுவை சிகிச்சையை உங்கள் கையில் கொடுக்காது. ஒரு காலத்தில் நடந்தது. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்கு உலகெங்கும் இருந்து மருத்துவக் குழுக்கள் கிளம்பிப் போயின. சில குழுக்களுக்குத் தகுதி இல்லை, சிலர் பதிவேடே வைக்கவில்லை. தேவையில்லாமல் கால் எடுக்கப்பட்டவர்கள் உண்டு என்று பிறகு புகார்கள் வந்தன. அந்தச் சங்கடத்துக்குப் பிறகுதான் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்தது. அங்கே இருக்கும் பெண் ஏழை என்பதால் உங்கள் முதல் சிசேரியனுக்கு அவள் சம்மதித்ததாக ஆகாது. இதை நீங்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரியும். கையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் டாக்டரின் தவிப்பு அது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம், அங்கே உங்கள் வேலை பெரும்பாலும் கத்தியும் ரத்தமுமாக இருக்காது. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, பிரசவம். பத்து மருத்துவப் பணியாளர்களில் எட்டு ஒன்பது பேர் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குப் பயிற்சி தருவது, வார்டு ரவுண்ட்ஸ் போவது, மருந்துக் கையிருப்பை எண்ணுவது, வாரா வாரம் எத்தனை சாவு என்று கணக்கெழுதுவது, இதற்கே நாள் போய்விடும். கிளார்க் வேலை பிடிக்காமல் கிளம்புகிறீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்!

ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு மதிப்பு உண்டு. முகாமில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளில் ஒரு சாவுக்கு மேல் போனால் அவசர நிலை என்று பொருள். அப்போது டாக்டரைவிட முதலில் ஓட வேண்டியவர் தண்ணீர்க்காரர். தலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, இந்த மூன்றும் காப்பாற்றும் உயிரை எந்த ஆபரேஷன் தியேட்டரும் காப்பாற்றாது. 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் குவிந்த மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. நாம் இன்று பாக்கெட்டாகக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். மீது உலகத்துக்கு நம்பிக்கை வந்தது அப்படித்தான். அங்கே டாக்டர் செய்த பெரிய காரியம், தான் செய்யும் வேலையை அம்மாக்களின் கையில் கொடுத்தது.

ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும்

அப்பா பயப்படுவது துப்பாக்கிக்கு. அந்தப் பயம் அபத்தம் இல்லை. மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் தாக்கக் கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் சொல்கின்றன. எந்தத் தரப்புக் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கொடுத்தாலும் அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. காகிதத்தில் இருக்கும் இந்த உரிமை நிஜமானது. அதை மீறுவதும் நிஜம். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அமெரிக்க விமானத் தாக்குதலில் எரிந்தது. 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். குறியீடுகள் முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. மறு வருடம் மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை இத்தகைய தாக்குதல்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தாக்குதல்கள் நிற்கவில்லை.

ஆனால் தினசரி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சாலை விபத்து. சீட் பெல்ட் போடாமல் ஜீப்பின் பின்சீட்டில் உட்காருவது. ‘நம்ம ஊர்க் கொசு பழகினதுதானே’ என்று தடுப்பு மாத்திரையை விடுவது. அங்கே இருப்பது மூளைக்கு ஏறும் வகை மலேரியா. மதுரையில் வளர்ந்ததால் உங்களுக்கு எந்த எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. எங்களில் மாத்திரையை விட்டவர் ஒரு நர்ஸ். பன்னிரண்டு நாள் படுத்தார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அந்த அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள்.

பெண் என்பதால் ஒன்று. வெளியே இருக்கும் ஆயுதக்காரனைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் சக ஊழியனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். சீண்டல் அங்கிருந்தும் வரும். நேர்முகத்தின்போதே கேளுங்கள்: புகார் யாரிடம் கொடுப்பது, அவர் அதே முகாமில் இருப்பவரா, வெளியே இருப்பவரா? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற அமைப்பு உங்களுக்கு வேண்டாம். பலாத்காரம் நடந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஊழியர்களுக்கும் எந்நேரமும் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

‘யார் பொறுப்பு’ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மெடிக்ளைம் பெரும்பாலும் இந்தியாவைத் தாண்டிச் செல்லாது. ஆயுள் காப்பீட்டிலும் போர் விலக்கு இருக்கிறதா என்று சிறிய எழுத்துகளைப் படியுங்கள். உங்கள் தொழில்முறைப் பிழைக் காப்பீடு வெளிநாட்டில் உதவும் என்று நம்பாதீர்கள். ஆக, எல்லாமே அமைப்பின் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்: மருத்துவச் செலவு, விமானத்தில் வெளியேற்றும் ஏற்பாடு, உடல் ஊனத்துக்கும் மரணத்துக்கும் ஈடு, அந்த நாட்டில் மருத்துவம் பார்க்கும் அனுமதி, வழக்கு வந்தால் வக்கீல். பாதுகாப்பு மோசமானால் காரணம் சொல்லாமல் திரும்பி வரும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதையும் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நற்சான்று வாங்கி வையுங்கள். ‘சேவைக்கு வாருங்கள், இவ்வளவு கட்டணம் கட்டுங்கள்’ என்பவர்களிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான அமைப்புகள் மாதாமாதம் உங்களுக்குத்தான் தரும். நம்மூர்ச் சம்பளத்துக்கு ஏறக்குறைய இருக்கும், கல்யாணக் கடன் அடைபடாது.

முதுநிலை விஷயம்: தெற்கு சூடான் அனுபவம் நீட் மதிப்பெண்ணில் சேராது. அரசுப் பணியில் இருந்துகொண்டு மலைப்பகுதியிலும் தொலைதூர இடங்களிலும் வேலை செய்பவர்களுக்குத்தான் ஊக்க மதிப்பெண். இது உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த வழியை முதலில் யோசியுங்கள்.

யோசித்தால் இன்னொன்றும் நடக்கும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லை. உடலைத் தாயே சுமந்து மலை ஏறினார். அந்த மலைக்கு மதுரையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம் போதும், விசா வேண்டாம். ‘உள்ளூரிலேயே சேவை செய்’ என்று உங்களை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த உபதேசம் செய்பவர்களில் பலர் இரண்டு இடத்துக்கும் போனதில்லை. நான் சொல்வது பயிற்சிக்காக. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு வருடம். கெட்டமின் மருந்தால் மயக்கம் கொடுப்பது, வாக்வம் கருவியால் பிரசவம் பார்ப்பது, பிரசவ ரத்தப்போக்கை நிறுத்துவது, பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்குப் பை முகமூடியால் காற்று ஊதுவது, சொந்தமாக அல்ட்ராசவுண்ட் பார்ப்பது எல்லாம் கை பழக வேண்டும். சி.டி. ஸ்கேன் கேட்காமல் ஒரு வார்டை நடத்தி, கன்சல்டன்ட்டின் போன் வராமல் தூங்கிப் பழகுங்கள். நீங்கள் ஏங்கும் சுதந்திரம் அதுதான். அதன் பாரம் எப்படி என்று அங்கே தெரிந்துவிடும். பிறகும் ஆசை இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். மூன்று மாதம் பிரெஞ்சு படித்தால் காங்கோ, சாட் எல்லாம் கதவு திறக்கும்.

அப்பாவிடம்

பெரிய அமைப்புகள் கிளம்பும் முன் ஒரு படிவம் தரும். கடத்தப்பட்டால் நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய, உங்கள் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியும் பதிலும் எழுதச் சொல்வார்கள். நான் அதை வீட்டில் சொல்லாமல் பூர்த்தி செய்தேன். பிறகு என் மனைவிக்கு வேறொருவர் மூலம் தெரிந்தது. அந்தச் சண்டை முடிய நான் திரும்பி வந்து ஒரு வருடம் ஆனது. நீங்கள் அந்தப் படிவத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். ‘ஒன்றும் ஆகாதுப்பா’ என்று சொன்னால் வாத்தியார் நம்ப மாட்டார். நிஜத்தைச் சொன்னால் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கத் தொடங்கினால் பேசத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் அதைத் தனியாக, நேராகச் சொல்லுங்கள். அதற்குத் தெற்கு சூடானைச் சாக்காக வைக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டாவது முறை போனபோது சண்டை நெருங்கி, ஒரு காலை எங்களை வெளியேறச் சொன்னார்கள். வெளிநாட்டவர் ஏழு பேரும் விமானம் ஏறினோம். மருந்தறைச் சாவியை அந்தக் கிளினிக்கல் ஆபீசரிடம் கொடுத்தேன். அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். உதவிப் பணியில் கொல்லப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர் ஊழியர்கள் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும், புள்ளிவிவரமாக. திருச்சிக்குத் திரும்பிய முதல் வாரம், என் மனைவி வாசல் தெளிக்க இரண்டாவது வாளி தண்ணீர் எடுத்தபோது கத்திவிட்டேன். ஒரு ஆளின் முழு நாள் தண்ணீர் அது என்று. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மனநல மருத்துவர் ஒருவரிடம் நான்கு மாதம் போனேன். போகிற அமைப்பு, திரும்பி வந்த பிறகும் இதற்கு உதவுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். உதவினால் கௌரவம் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘என்ன எடுத்துப் போகணும் சார்?’ என்று எழுதி அடித்திருந்தீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, மாற்றுக் கண்ணாடி, தங்கும் மாதங்கள் முழுவதற்கும் நாப்கின், பருப்புப் பொடி. கடைசிச் சின்ன விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமை, அதனால் புத்தகங்களை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊறுகாய் வேண்டாம். என் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் அந்நாட்டுத் தலைநகர் ஜூபா போய்ச் சேர்வதற்குள் உடைந்து, ஸ்டெதஸ்கோப் முழுக்க எண்ணெய். எவ்வளவு துடைத்தும் வாசனை போகவில்லை. ஆறு மாதம் அந்த வார்டுக் குழந்தைகள் மூச்சை இழுத்துவிடச் சொன்னால் முதலில் அதைத்தான் முகர்ந்து பார்த்தன.